ஜீனோவும் ஓட்டு மெஷினும்

ரோபோ என்றதும் நம் தலைமுறைக்கு நினைவு வருவது ஜீனோதான். 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடரில் வந்த இயந்திர நாய். ரோபோ என்ற சொல்லை உலகுக்குத் தந்த செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தில் ரோபோக்கள் மனிதர்களையே எதிர்த்துக் கிளம்பின. ஜீனோவோ வீட்டுப் பிள்ளை போல ஆகிவிட்டது. காரணம், கேட்டால் அது பதில் சொன்னது.

அதே சுஜாதா, எஸ். ரங்கராஜன் என்ற பெயரில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. அது ரோபோ அல்ல. ஆனால் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் தன்னந்தனியாக எதிரே நின்று பழக வேண்டியிருந்த இயந்திரம்.

1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதலில் வந்தது. 123 ஓட்டில் தோற்றவர் வழக்குப் போட்டார். இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சாவடிகளில் சீட்டு முறையில் மறுபடி ஓட்டுப் போட, தோற்றவர் ஜெயித்தார். 1989இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் அந்த இயந்திரம்தான்.

முத்திரை குத்தி, மடித்து, பெட்டிக்குள் போட்டுப் பழகிய கைகளுக்கு ஒரு ‘பீப்’ சத்தம் போதவில்லை. “நம்ம ஓட்டு விழுந்துச்சா?” என்ற கேள்வி அறியாமை அல்ல, நியாயமான கேள்வி. 2013இல் உச்ச நீதிமன்றமும் காகிதச் சான்று அவசியம் என்றது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும், நாம் அழுத்திய சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி தெரிந்தது. விவாதம் ஓயவில்லை, ஆனாலும் கேட்டதற்கு ஒரு பதில் கிடைத்தது.

இன்று பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்க, நம்மூர்ப் பெரியவர்கள் ஏ.டி.எம். முன்னால் தனியாக நிற்கிறார்கள். மெஷினுக்குப் பயந்து, பின்னால் நிற்கும் முகம் தெரியாதவரிடம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எந்த மெஷின் வந்தாலும், செய்ததைக் காட்டச் சொல்வோம். விளங்காததைக் கேட்க ஓர் ஊழியர் வேண்டும் என்றும் சொல்வோம். அப்படிக் கேட்டவர்களால்தான் அந்த 7 விநாடிச் சீட்டு வந்தது.