மணலைக் கல்லாக்கும் மாயாவி

மணலி... பெயரிலேயே மணல்! ஆனால் வடசென்னைக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "மணலா? உர ஃபேக்டரி, ரிஃபைனரி, டேங்கர் லாரின்னு சொல்லுங்க சார்!" என்பார். நியாயம்தான். 1966-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் இங்கேதான் 1971-லிருந்து யூரியா தயாரிக்கிறது. வயலுக்குப் போகும் அந்த வெள்ளைக் குருணையையும் சாதாரண மணலையும் சேர்த்துக் கல்லாக்கலாம் என்றால் நம்புவீர்களா? நடுவில் ஒரு தரகர் மட்டும் வேண்டும். அவர் ஒரு பாக்டீரியா!

1889-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பியர் மிக்கேல் இவரை விவரித்து, லூயி பாஸ்டரைச் சிறப்பிக்கும் வகையில் பெயர் வைத்தார். இன்றைய பெயர் ஸ்போரோசார்சினா பாஸ்டரி. மண்ணில் சாதாரணமாக வாழும் சாது. இவருக்கு யூரியா என்றால் கொள்ளை ஆசை. அதை உடைத்து அம்மோனியாவும் கார்பனேட்டும் ஆக்கிவிடுவார். பக்கத்தில் கால்சியம் இருந்தால், கார்பனேட் அதோடு கைகோத்து மணலுக்கு மணல் நடுவே சுண்ணாம்புக் கல்லாகப் படியும். நம் முன்னோர் கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சாந்தும் காற்றுப் பட்டு இறுகி ஆவது இதே பொருள்தான். இங்கே சூளை கிடையாது, அவ்வளவுதான்.

மணலை எதற்குக் கல்லாக்க வேண்டும்? 2001 ஜனவரி 26. குஜராத் பூகம்பம். காண்ட்லா துறைமுகத்தில் ஈரமணல் குழம்பாகி, துறைமுக அலுவலகக் கோபுரமே சாய்ந்து நின்றது. தண்ணீரில் ஊறிய தளர்ந்த மணலின் குணம் அது. மேலே கட்டடம் இருக்கும்போது கீழே மணலை இறுக்குவது எப்படி? தோண்ட முடியாது. பாக்டீரியாக் கரைசலை உள்ளே செலுத்தலாமே!

2004-ல் ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா விஃபின் இதையே ஆராய்ந்து டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதினார். அடுத்து நெதர்லாந்தில் 100 கன மீட்டர் மணலில் சோதித்தார்கள். 2010-ல் முடிவு வெளிவந்தது. நம் ஊரும் சளைக்கவில்லை. 2020-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் நிலவு மண்ணைப் போன்ற பொடியில் இதே பாக்டீரியா, யூரியா, கொத்தவரை விதைப் பசை எல்லாம் கலந்து செங்கல் செய்து காட்டின!

அப்புறமென்ன, மணலியிலேயே ஆரம்பித்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். கணக்கு ஒன்று பாக்கி. ஒரு மூலக்கூறு சுண்ணாம்புக் கல் உருவானால், கூடவே இரண்டு அம்மோனியம் மிஞ்சும். அதை அப்படியே விட்டால் நிலத்தடி நீரில் சேரும். கழுவி எடுத்துச் சுத்திகரிக்க வேண்டும். அதற்குத் தனிச் செலவு.

அம்மோனியா என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சு முட்டத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த விபத்துக்கும் நம் பாக்டீரியாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நாளைக்கே யாராவது இந்த மண்ணைக் கெட்டியாக்குகிறேன் என்று பாக்டீரியாவோடு வந்தால், பெரியகுப்பத்துப் பெண்மணி ஒருவர் நிச்சயம் கேட்பார்: "மிச்சத்தை எங்கப்பா விடப் போறே?"

அதற்குப் பதிலைத் தயார் செய்துகொண்டு வருவது நல்லது!