ஆணவத்தின் வடிவம்

மனிதர்களை இன்னின்ன இயல்பினர் எனக் கூறுபடுத்திக் காணும் ஆசை மிகத் தொன்மையானது. கிரேக்க நாட்டுத் தியோபிராஸ்டஸ் முகத்துதி செய்வோன், வாயாடி, கஞ்சன் என 30 வகை மாந்தரைச் சொல்லோவியமாக வரைந்தார். 1921-இல் சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் யுங், அகநோக்குடையார், புறநோக்குடையார் என்னும் பாகுபாட்டைத் தம் நூலில் விரித்தார். இன்றோ வினாத்தாள் ஒன்றை நிரப்பித் தம் வகையை அறிந்து மகிழ்வோர் பலர். அறிந்தபின் செய்வது யாது என்பதே எனக்குப் பெரிய வினாவாகப் படுகிறது. 'என் இயல்பு இது' என்று கண்டவர், அதையே மெத்தையாக விரித்துப் படுத்துவிடுவதும் உலகில் உண்டு.

இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தோரைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மெய்கண்டார் பிறந்த ஊர் பெண்ணாகடம். அருள்நந்தி சிவாசாரியார் திருத்துறையூரினர். மறைஞானசம்பந்தரும் உமாபதி சிவாசாரியாரும் தில்லையில் வாழ்ந்தவர்கள். சைவர்கள் சந்தான குரவர் நால்வர் எனப் போற்றும் இவர்கள் அனைவரும் இன்றைய கடலூர் மாவட்டத்து மண்ணுக்கு உரியவர்கள். காலம் 13, 14-ஆம் நூற்றாண்டுகள். அவர்தம் சமயக் கொள்கையை ஏற்போரும் ஏலாதோரும் அவர்கள் கண்ட மனநூலைக் கற்கலாம் என்பது என் துணிபு.

உயிர்களை அவர்கள் பிணிப்பின் அளவால் பிரித்தனர். ஆணவம் ஒன்றே உடையவர் விஞ்ஞானகலர். ஆணவமும் கன்மமும் உடையவர் பிரளயாகலர். மாயையும் சேர மூன்றும் உடையவர் சகலர். நாம் எல்லோரும் சகலரே. இதில் வருந்துவதற்கோ பெருமை கொள்வதற்கோ இடமில்லை. திருவருள் பதியும் தரத்தையும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்காக வகுத்தனர். ஒருவருக்கு ஒட்டிய பெயராக இவற்றை அவர்கள் கருதவில்லை. காய் செங்காயாகிக் கனியாவது போன்று உயிர் கடந்து செல்லும் நிலைகளாகவே கொண்டனர். 'பக்குவம்' என்னும் சொல் அவர்கள் நூல்களில் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே.

வழியும் எல்லோர்க்கும் ஒன்றெனக் கூறினாரல்லர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கையும் தொண்டன் நெறி, மகன் நெறி, தோழன் நெறி, மெய்ந்நெறி எனச் சிவஞான சித்தியார் விளக்குகிறது. அவற்றிற்கு முறையே அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகியோரை எடுத்துக்காட்டுவது சைவ மரபு. இவருள் அப்பரை நினைத்துப் பாருங்கள். திருவாமூரில் பிறந்தவர், பாடலிபுத்திரமாகிய திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியில் கற்று, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை எய்தியவர் என்று பெரிய புராணம் கூறும். அத்துணைக் கல்வி கற்றவர், பின்னாளில் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரத்தைக் கையில் ஏந்தினார். தலைமைக்குப் பழகியவருக்குத் தொண்டு வாய்த்ததைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இனி அருள்நந்தியாரிடம் வருவோம். சகலாகம பண்டிதர் என்று நாடு போற்றிய முதியவர் அவர். மெய்கண்டார் பிறந்த குடிக்குக் குலகுரு. அக்குடியின் சிறுபிள்ளை திருவெண்ணெய்நல்லூரில் அமர்ந்து உபதேசம் செய்கிறது. தம் மாணவரும் அங்கே போய்விட்டனர். முதியவர் சினத்தோடு சென்றார். பிள்ளையோ ஆணவ மலத்தைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. நின்றபடியே, 'ஆணவத்தின் வடிவம் யாது?' என்று அவர் வினவினார். மெய்கண்டார் வாய் திறவாமல் அவரையே விரலாற் சுட்டினார். இது வழிவழி வந்த வரலாறு. கல்வெட்டில் பொறித்த செய்தியன்று. எனினும் அருள்நந்தியார் பின்னர் இயற்றிய இருபா இருபஃது நம் கையில் இருக்கிறது. ஆசிரியரை நோக்கி வினாக்களாகவே அமைந்த அந்நூலில் ஆணவத்தின் குணங்கள் எட்டென எண்ணப்படுகின்றன. குரோதமும் மதமும் அப்பட்டியலில் இருப்பது வியப்பன்று. 'நகை'யும் அங்கே இருக்கிறது. பிறரை எள்ளி நகைக்கும் பழக்கத்தைத் தம்முள் தேடிக் கண்டவரே அதனை அங்கே வைத்திருக்க முடியும்.

உமாபதி சிவாசாரியார் கதையும் இவ்வாறானதே. தில்லை வாழ் அந்தணர் மரபினரான அவர், நடராசப் பெருமானுக்குப் பூசை முடித்து, பகற்பொழுதில் தீவட்டி முன்செல்லப் பல்லக்கில் வீடு திரும்பினார். தெருத் திண்ணையில் இருந்த மறைஞானசம்பந்தர், உயிரற்ற கட்டையின்மேல் பகலில் கண் தெரியாத ஒருவர் போவதைப் பாருங்கள் என்னும் பொருள்படத் தம் மாணவரிடம் சொன்னார். உமாபதியார் பல்லக்கினின்று குதித்துப் பின்தொடர்ந்தார். நெசவாளர் பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியை ஆசிரியர் கையேந்திப் பருக, அக்கையினின்று ஒழுகியதைத் தாம் ஏந்திப் பருகினார். ஒருவர்க்குக் கல்வி, மற்றவர்க்கு மரியாதை. இருவருக்கும் அடி விழுந்த இடம் அவர்கள் சிறந்து விளங்கிய இடமே என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஏன் பிறர் சுட்ட வேண்டியதாயிற்று? உமாபதியார் 100 குறட்பாக்களால் இயற்றிய திருவருட்பயனில் இருள் மலத்துக்கென்று ஓர் அதிகாரம் வைத்தார். புற இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்பது அவர் கருத்து. நம்மை உள்ளிருந்து செலுத்தும் நோக்கம் நமக்கே தென்படாமல் ஒளிந்திருக்கும் என்றால், நாமே நிரப்பும் வினாத்தாளுக்கு விடையெழுதுவது யார்? ஒளிந்திருப்பதும் எழுதுவதும் ஒன்றாக இருக்கக்கூடுமல்லவா?

இந்தப் பாகுபாட்டில் இன்னொரு செய்தியும் அடங்கியிருந்தது. பிறப்பால் மனிதரைத் தரம் பிரித்த நாட்டில் பக்குவத்தால் தரம் பிரித்தது எளிய காரியமன்று. கஞ்சி பருகிய குற்றத்திற்காக உமாபதியாரை அவருடைய சுற்றத்தார் விலக்கி வைத்தனர் என்பர். அவர் தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் மடம் அமைத்து வாழ்ந்தார். அம்மடத்துக்கு நாள்தோறும் விறகு கொண்டுவந்த பெற்றான் சாம்பான், ஊர் தீண்டாது ஒதுக்கிய குலத்தவர். அவருக்கு உமாபதியார் தீக்கை அளித்து வீடுபேறு எய்துவித்தார் என்று மரபு பேசுகிறது. பக்குவத்தின் அளவுகோலை அவர் விறகுசுமந்த தோளின்மேல் வைத்துப் பார்த்தார். பல்லக்கில் சென்ற தம்மேலும் அதையே வைத்துப் பார்த்திருந்தாரன்றோ!

உமாபதியார் காலம் நமக்குத் திட்டமாகத் தெரியும். சங்கற்ப நிராகரணம் என்னும் நூலில் அவரே சக ஆண்டு 1235 எனக் குறித்துள்ளார், அது கி.பி. 1313. அவரை விலக்கியவர்கள் ஏற்ற முயன்ற திருவிழாக் கொடி மேலேறாமல் நின்றதாகவும், அவர் வந்து பாடியபின் ஏறியதாகவும் ஒரு வரலாறு உண்டு. அப்போது பாடியது கொடிக்கவி. மெய்கண்ட சாத்திரங்கள் 14-இல் மிகச் சிறிய நூல்களுள் ஒன்று. வெளிச்சமும் இருட்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதைப் பற்றிய பேச்சோடு அது தொடங்குகிறது.