அண்ணலின் முதல் வகுப்பறையும் நமது தற்காலிக ஆசிரியர்களும்



1918 நவம்பரில் பம்பாய் சிடனம் வணிகவியல் கல்லூரியில் 27 வயது இளைஞர் ஒருவர் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். அது தற்காலிகப் பணியிடம். மாதச் சம்பளம் 450 ரூபாய். அந்த இளைஞர் அண்ணல் அம்பேத்கர்.

அண்ணலை அரசியல் சட்டத்தோடு சேர்த்தே நாம் நினைக்கிறோம். அவர் தற்காலிக ஆசிரியராகத் தொடங்கியவர் என்பதைப் பேசுவதில்லை. 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். லண்டன் படிப்பு பாதியில் நின்றிருந்தது. அதை முடிக்கப் பணம் வேண்டும். அந்த நிலையில்தான் சிடனம் வேலை வந்தது.

வகுப்பறை அவரை ஏற்றுக்கொண்டது. பிற கல்லூரி மாணவர்களும் அவர் பாடம் கேட்க வந்தார்கள். ஆசிரியர் அறையோ ஏற்கவில்லை. பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த ஒன்றரை ஆண்டுக்குள் அவர் 1919 ஜனவரியில் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். 1920 மார்ச்சில் வேலையை விட்டார். அந்தச் சேமிப்போடு கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பத்தேனாவின் கடனும் சேர, லண்டன் திரும்பினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தற்காலிக வேலை அவருக்கு ஒரு படிக்கட்டு. அதில் ஏறி அடுத்த இடத்துக்குப் போக முடிந்தது. போகுமளவுக்குச் சம்பளம் இருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பலர் பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளத்திலோ தொகுப்பூதியத்திலோதான் முதல் வகுப்பெடுத்திருக்கிறார்கள். 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். அப்போது மே மாதத்துக்குச் சம்பளம் தரப்படவில்லை. 2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப ஆணை வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. இந்தச் சம்பளத்தில் எந்த லண்டனுக்கு மிச்சம் பிடிப்பது? பேருந்துக் கட்டணமும் வீட்டுக் கடனும் போக, தகுதித் தேர்வுக்குப் படிக்க நேரம்கூட மிஞ்சாது.

சம்பளத்தைவிட ஆழமான கேள்வி, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் காத்திருந்த தலைமுறைக்கு இனச் சுழற்சி என்ற பாதுகாப்பு இருந்தது. 200 புள்ளிப் பட்டியலில் நமக்கான எண் வந்தால், யாரும் மறைக்க முடியாது. பள்ளி அளவில் ஓர் இடத்துக்கு ஒருவர் என்று நிரப்பினால் அந்தப் பட்டியல் எங்கே போகும்? அறிவிப்பு ஊர்த்தெருவோடு நின்றுவிட்டால், காலனியில் பி.எட். முடித்த பெண்ணுக்கு யார் சொல்வது? ஒன்றிய அரசுப் பணிகளில் 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கும் இடஒதுக்கீடு உண்டு என்று விதி இருக்கிறது. கல்வியாண்டு 45 நாளைவிட நீளமானது.

"எப்படியோ நம் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைத்தால் போதும்" என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். அந்த ஆதங்கம் புரிகிறது. ஆனால் 2006 ஏப்ரல் 10இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மறக்கக் கூடாது. முறையான தேர்வு வழியில் வராத தற்காலிகப் பணியாளர், நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது. அதே 2006 ஜூன் 1 முதல், தமிழ்நாட்டில் தொகுப்பூதியத்தில் சேர்ந்திருந்த ஆசிரியர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். முறைப்படி தேர்வாகி வந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆக, நுழையும்போது இனச் சுழற்சி இல்லையென்றால், வெளியே நிற்பவருக்கு மட்டுமல்ல, உள்ளே போன நம் பிள்ளைக்கும் நாளை பிடிமானம் இருக்காது.

தற்காலிக வேலையே கூடாது என்பது நமது வாதமல்ல. மகப்பேறு விடுப்பில் ஆசிரியர் போனால் வகுப்பு காலியாக இருக்கக் கூடாது. நிரந்தரக் காலியிடத்தை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக ஓட்டுவதைத்தான் எதிர்க்கிறோம். 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், ஒரே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் சம ஊதியம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அதை நமது போராட்டங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், உங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளைப் பற்றி நான்கு கேள்விகள் கேளுங்கள். தற்காலிக ஆசிரியர்கள் எத்தனை பேர்? எத்தனை ஆண்டுகளாக அந்த இடம் காலி? அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டது? தேர்வானவர்களில் பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர் எத்தனை பேர்? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்து தொடங்குங்கள். பதில்களை அடுத்த ஆண்டு இதே நாளில் இந்த மேடையில் வாசிப்போம்.