படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

1965-ல் கோடாக் கொண்டுவந்த சூப்பர் 8 கேமராவில் சத்தம் பதியாது. பிறந்தநாள் கேக் வெட்டும் குழந்தையின் மழலை வேணுமா? தனியா டேப் ரெக்கார்டரில் பதிஞ்சு, அப்புறம் புரொஜெக்டரையும் டேப்பையும் ஒரே நேரத்தில் தட்டிவிட வேண்டியதுதான்.

சிக்கலே அதுக்கப்புறம்தான். ஒரு ரோல் 50 அடி, 3600 பிரேம். நொடிக்கு 18 பிரேம்னா 200 நொடி. மோட்டார் வேகம் 1 சதவீதம் பிசகினாலே கடைசியில் 2 நொடி தள்ளிப்போயிடும். கேக் வாய்க்குள்ள போனதுக்கப்புறம் கைதட்டல் கேட்கும் :-)

சரி, தீர்வு? கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு துடிப்பை அனுப்பும். டேப்பின் இன்னொரு தடத்தில் அது பதிவாகும். திரையிடும்போது புரொஜெக்டர் அந்தத் துடிப்பைப் பின்பற்றித் தன் வேகத்தைச் சரிபண்ணிக்கும். ரெண்டு கடிகாரத்தை ஒண்ணா ஆரம்பிச்சா போதாது, ஒண்ணு இன்னொண்ணு பேச்சைக் கேட்கணும். நாங்க சர்வர்களோட நேரத்தைச் சரிபண்றதும் இதே கதைதான்.

1973-ல் கோடாக் பிலிம் ஓரத்திலேயே காந்தப் பட்டை ஒட்டிக் கொடுத்தது. படமும் சத்தமும் ஒரே பிலிமில். 1997-ல் அதையும் நிறுத்திட்டாங்க.

துடிப்பு இல்லாத பழைய டேப்பை இன்னைக்குக் கணினியில் ஏத்தி, உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து இழுத்துத்தான் சேர்க்கணும். சேர்த்துடலாம். ஆனா ரீலைப் பத்திரமா வெச்சுட்டு டேப்பைத் தூக்கிப் போட்டிருந்தா, அந்த மழலை போனது போனதுதான்.