நகல் வைக்கச் சொன்ன கட்டளை

ஒரு நிரல் அனுப்பும் செய்தியை வாங்கி வைத்திருந்து, பெறவேண்டிய நிரல் தயாராகும்போது எடுத்துக் கொடுப்பது செய்தித் தரகு மென்பொருளின் வேலை. கடையில் பணம் கட்டியதும் வரும் குறுஞ்செய்தி, கிடங்குக்குப் போகும் ஆர்டர் என்று நம் கண்ணில் படாத இடங்களில் இத்தகைய வரிசைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்ற ஒன்று ரேபிட்எம்க்யூ. 2007இல் லண்டனில் ஒரு சிறு நிறுவனத்தில் பிறந்தது. அது பேசிய ஏஎம்க்யூபி நெறிமுறையை ஜேபி மார்கன் வங்கியில் ஜான் ஓஹாரா 2003இல் தொடங்கிவைத்தார். ரேபிட்எம்க்யூ எழுதப்பட்ட எர்லாங் மொழி, தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்சன் நிறுவனம் 1980களில் உருவாக்கியது. இவ்வளவு பொறுப்பான பரம்பரையில் வந்தும், தொடக்க காலத்தில் அதற்கு ஒரு பெரிய குறை இருந்தது. பல சர்வர்களைக் கூட்டாக இணைத்தாலும், ஒரு வரிசையின் செய்திகள் ஒரே ஒரு சர்வரில்தான் இருந்தன. அந்தச் சர்வர் விழுந்தால் வரிசையும் கைக்கெட்டாது.

2011இல் வந்த 2.6 பதிப்பு இதற்கு விடை சொன்னது. ஒரு வரிசையின் நகலை மற்ற சர்வர்களிலும் வைக்கலாம். ஆனால் நகல் வேண்டுமா என்று முடிவு செய்தவர் நிரலாளர். வரிசையை உருவாக்கும் நிரல்வரியிலேயே அதை எழுதிவிட வேண்டும். பின்னால் மாற்ற வழியில்லை. மாற்ற வேண்டுமென்றால் வரிசையை அழித்து, நிரலைத் திருத்தி, மறுபடி உருவாக்க வேண்டும். எத்தனை சர்வர்கள் இருக்கின்றன, எது மூச்சுத் திணறுகிறது என்று தெரிந்தவரோ இன்னொருவர்: சர்வர்களைக் காவல் காக்கும் நிர்வாகி. அவர் கையில் ஒன்றும் இல்லை.

அடுத்த ஆண்டே, 3.0 பதிப்பில், அந்த முடிவு அவர் கைக்கு வந்தது. ரேபிட்எம்க்யூசிடிஎல் என்ற கட்டளைக் கருவியில் ‘செட்-பாலிசி’ என்று தட்டி, எந்தப் பெயரில் தொடங்கும் வரிசைகள் என்று குறித்து, ‘ஹெச்ஏ-மோட்’ என்ன என்று சொன்னால் போதும். ‘ஆல்’ என்றால் எல்லாச் சர்வரிலும் நகல். ‘எக்ஸாக்ட்லி’ என்றால் சொன்ன எண்ணிக்கையில். ‘நோட்ஸ்’ என்றால் பெயர் குறித்த சர்வர்களில். எதையும் நிறுத்த வேண்டியதில்லை. செய்திகள் வந்து போய்க்கொண்டிருக்கும்போதே வரிசையின் நடத்தை மாறும்.

இந்தக் கருவி வேலை செய்யும் விதம் அழகானது. அது வெளியே நின்று கோரிக்கை அனுப்புவதில்லை. ஓடத் தொடங்கியதும் தானே ஒரு குட்டி எர்லாங் நிரலாகி, சர்வருடன் நேரடியாக இணைந்து, ‘இந்தச் செயற்கூறை நீயே இயக்கு’ என்று சொல்கிறது. இரண்டு பக்கமும் ‘குக்கீ’ என்ற ரகசியக் கோப்பு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவு திறக்காது. 2017இல் வந்த 3.7 பதிப்பில் இந்தக் கருவியை எலிக்ஸிர் மொழியில் புதிதாக எழுதினார்கள்.

எளிதாக மாற்ற முடிந்த இந்த நகல் முறைக்கு விலையும் இருந்தது. நகல்கள் ஒரு வளையமாக அமைந்து, செய்தி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடந்து சென்றது. ‘ஆல்’ என்று போட்டால் பத்திரம் என நினைத்தவர்கள், ஒவ்வொரு செய்தியும் எல்லாச் சர்வரையும் சுற்றி வரும் சுமையைச் சேர்த்தே வாங்கினார்கள். விழுந்து எழுந்த சர்வர் தன்னிடம் முன்பிருந்த நகலைத் தூக்கியெறிந்துவிட்டு வெறுங்கையோடு தொடங்கும். பழைய செய்திகளை அதற்கு ஒத்திசைக்கச் சொன்னால், அது முடியும்வரை வரிசையே நின்றுபோகும். செய்திகள் மலைபோல் குவிந்திருக்கும் வரிசையில் அது சின்ன விஷயமில்லை. இன்னொரு கண்ணி: ஒரு வரிசைக்கு ஒரு நேரத்தில் ஒரு பாலிசிதான் பொருந்தும். செய்தியின் ஆயுளைக் குறைக்க யாரோ கூடுதல் முன்னுரிமையோடு புதிய பாலிசி போட்டால், பழையதிலிருந்த நகல் ஆணை சத்தமில்லாமல் விலகிவிடும்.

எல்லாவற்றிலும் கனமான அடி 2014இல் விழுந்தது. பரவல் அமைப்புகளைச் சோதிக்கும் கைல் கிங்ஸ்பரி தன் ஜெப்சன் சோதனையை ரேபிட்எம்க்யூ மீது நடத்தினார். வலைப்பின்னல் துண்டாகி மறுபடி சேரும்போது, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சர்வர் ஒப்புக்கொண்ட செய்திகளே தொலைந்தன. நகல் இருப்பதும், எந்த நகல் உண்மை என்பதில் சர்வர்கள் உடன்படுவதும் வேறு வேறு. அந்த உடன்பாட்டுக்கான ராஃப்ட் வழிமுறையை ஸ்டான்ஃபோர்டில் டியேகோ ஓங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் அதே 2014இல்தான் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ராஃப்ட்டை அடிப்படையாகக் கொண்ட ‘கோரம்’ என்ற புதிய வகை வரிசை 2019இல் 3.8 பதிப்போடு வந்தது. பெரும்பான்மைச் சர்வர்கள் எழுதிக்கொண்ட பிறகுதான் அது ஒப்புகை தரும். திரும்பி வரும் சர்வர் தான் தவறவிட்ட பகுதியை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஓடுகிற சாதாரண வரிசையைப் பாலிசி போட்டுக் கோரம் வரிசையாக்க முடியாது. உருவாகும்போதே அந்த வகையாக உருவாக வேண்டும். நிரலாளரிடமிருந்து நிர்வாகிக்குப் போன முடிவு, பாதி வழி திரும்பி வந்தது போல் இருந்தது. பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. எத்தனை நகல், எந்தச் சர்வரில் என்பதை ஓட்டத்தில் மாற்றலாம். அதற்குக் கட்டளைகள் இன்றும் இருக்கின்றன. ஒப்புக்கொண்ட செய்தி தொலையுமா தொலையாதா என்பதை நள்ளிரவில் ஒரு வரி தட்டி மாற்ற முடிவது யாருக்கும் நல்லதில்லை. நிர்வாகியையும் முற்றாக ஒதுக்கிவிடவில்லை. வெர்ச்சுவல் ஹோஸ்ட் எனப்படும் தனிப்பகுதியை உருவாக்கும் கட்டளையிலேயே, இங்கே வகை சொல்லாமல் பிறக்கும் வரிசைகள் கோரமாகவே பிறக்கட்டும் என்று அவர் விதிக்கலாம்.

பழைய நகல் முறையைக் கைவிடப்போவதாக 2021இல் அறிவித்தார்கள், 2024இல் 4.0 பதிப்பு அதை முழுவதும் நீக்கியது. மேம்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பாலிசியில் ‘ஹெச்ஏ-மோட்’ இருந்தாலும் 4.0 பதிப்பில் அதற்குப் பலன் இல்லை. வரிசை முன்போலவே செய்தி வாங்கும், கொடுக்கும். நகல் மட்டும் இருக்காது. அதனால் மேம்படுத்துவதற்கு முன்பே ‘லிஸ்ட்-பாலிசீஸ்’ தட்டி, எந்தெந்த வரிசை அந்த ஆணையை நம்பியிருக்கிறது என்று பார்த்து, அவற்றுக்குப் புதிய கோரம் வரிசைகளை உருவாக்கிச் செய்திகளை மாற்றிவிட வேண்டும்.