அத்தாவின் சைக்கிள் எந்த ஊர்ச் சைக்கிள்?



சிந்தாதிரிப்பேட்டை என்னும் பெயரே ஒரு வரலாற்றுச் சான்று. 1734ஆம் ஆண்டளவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கூவம் ஆற்றின் வளைவில் நெசவாளர்களைக் குடியமர்த்தினர். சின்னத் தறிப் பேட்டை என்பதே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். பெயரைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அது தன் பிறப்பைச் சொல்லிவிடும். பழம்பொருள்களும் அவ்வாறே. இதை நமக்குக் கற்பித்தது, அப்பேட்டையில் நாம் வளர்ந்த வீட்டின் மாடிப்படிக்கு அடியில் நின்ற ஒரு பழைய சைக்கிள்.

அது எம் அத்தாவின் சைக்கிள். ஃபஜ்ருத் தொழுகைக்கு எம்மை முன் பாரில் அமர்த்தி அழைத்துச் செல்வார். சீட்டுக்குக் கால் எட்டாத வயதில் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டு நாம் ஓட்டப் பழகியதும் அதில்தான். "சீமைச் சைக்கிள்" என்று அத்தா பெருமையாகச் சொல்வார். செயின் சக்கரத்தில் பி.எஸ்.ஏ. என்னும் எழுத்துகள் இருந்தமையால், வீட்டில் எல்லோரும் அதை இங்கிலாந்து பி.எஸ்.ஏ. என்றே நம்பியிருந்தோம்.

அத்தா மறைந்தபின், பழைய சைக்கிள்களைச் சேகரிக்கும் ஒருவர் விலை பேச வந்தார். இங்கிலாந்தில் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. என்று எழுதிக் கொடுத்தால் நல்ல தொகை தருவதாகச் சொன்னார். வாரிசுகளுக்குள் பங்கிட வேண்டிய சொத்து அது. எம் சகோதரிக்கு அப்போது பணத்தேவையும் இருந்தது. "எழுதிக் கொடுத்துவிடு" என்றார் அண்ணன். அறியாததை அறிந்ததாக எழுதித் தர எமக்கு மனம் ஒப்பவில்லை.

கண்டெடுத்த பொருளைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதன் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் முதலில் நன்கு அறிந்துகொள்ளுமாறும், பின் ஓராண்டு அறிவிக்குமாறும் கற்பித்தார்கள் என்பதை மதரஸாவில் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். பொருளை அடையாளத்தால் அறிவதே முறை. அம்முறையிலேயே சைக்கிளையும் ஆராயத் தொடங்கினோம்.

முதலில் பெயர்களின் வரலாறு. பி.எஸ்.ஏ. என்பது 1861இல் பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர்கள் கூடித் தொடங்கிய நிறுவனம். ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் அதன் முத்திரை. அதன் சைக்கிள் பிரிவு 1957இல் ராலே நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஹெர்குலிஸும் 1910இல் பர்மிங்ஹாமில் பிறந்ததே. அது 1946இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அந்நிறுவனமும் நம் ஊர் முருகப்பா குழுமத்தாரும் இணைந்து 1949இல் தொடங்கியதே டி.ஐ. சைக்கிள்ஸ். சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் உருவாயிற்று. பின்னர் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களிலும் அங்கேயே சைக்கிள்கள் வந்தன. ராலேயின் நாரைத் தலை முத்திரையும் இப்படியே. அது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்தும் வந்தது; வங்காளத்து அசன்சோலில் சென்–ராலே தொழிற்சாலையிலிருந்தும் வந்தது. ஆகவே சீமைப் பெயர் ஒன்று பொறித்திருப்பதால் மட்டும் சைக்கிள் சீமையில் பிறந்ததாகிவிடாது.

அடுத்து, எந்த உறுப்பின் சாட்சியம் வலியது என்னும் கேள்வி. செயின் சக்கரம், ரிம், சீட், மட்கார்டு ஆகியவை தேய்ந்தால் மாற்றப்படுபவை. சட்டமே சைக்கிளின் உடல். சட்ட எண் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழுள்ள இணைப்பிலோ, பெடல் அச்சு செல்லும் குழாயின் அடியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். தயாரித்தவர் பெயர் ஹேண்டில்பாருக்குக் கீழே முன் குழாயில் இருக்கும்.

நெடுங்காலம் சைக்கிள் பழுதுபார்த்த பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். செயின் சக்கரத்தின் பற்களைத் தடவிப் பார்த்து, "இது பின்னால் போட்டது, பாய். சட்டம் கிழடு, சக்கரம் வாலிபம்" என்றார். முன் குழாயில் பூச்சின் மேல் பூச்சாக மூன்று அடுக்கு இருந்தது. எண்ணெய் தொட்ட துணியால் இரண்டு நாள் பொறுமையாகத் தேய்த்தபின் ஹெர்குலிஸ் என்னும் பெயர் தெரிந்தது. அதன் கீழே மங்கலாக மெட்ராஸ் என்றிருந்தது.

மாடலையும் அளவுகளே சொல்லின. 22 அங்குலச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், ஒரே கியர். அலுவலகம் செல்வோரும் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய சாதாரண ரோட்ஸ்டர் அது. காலத்தை அறிய இரு சாட்சிகள் கிடைத்தன. அத்தாவின் தகரப் பெட்டியில், சைக்கிள் வரி கட்டியதற்கு மாநகராட்சி கொடுத்த உலோக வில்லைகள் இருந்தன. அவற்றுள் மிகப் பழையது 1961ஆம் ஆண்டினது. அத்தா வாங்கிய முதல் சைக்கிளும் ஒரே சைக்கிளும் இதுவே என்று எம் மாமி உறுதி கூறினார். ஆக, டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய 1949க்கும் 1961க்கும் இடையில் பிறந்த சென்னை ஹெர்குலிஸ் அது.

அப்படியாயின் அத்தா சொன்னது பொய்யா? அவ்வெண்ணம் எம்மைச் சிறிது வருத்தியது. ஆனால் பெயரும் வடிவமும் பர்மிங்ஹாமிலிருந்து வந்தவையே. அக்காலத்தில் அத்தகைய சைக்கிளைச் சீமைச் சைக்கிள் என்று சொல்வது ஊர் வழக்கு. அத்தா கேட்டதைச் சொன்னார். அதை ஆராயாமல் பத்திரமாக்க முனைந்தவர்கள் நாமே.

கண்டதைச் சேகரிப்பாளரிடம் சொன்னோம். முதலில் சொன்ன தொகையில் பாதிக்கும் கீழே இறங்கினார். அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அத்தா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்" என்றார். அந்த நேரிய விலையையே மதிப்பாகக் கொண்டு, எம் பங்கு போக எஞ்சியதை மற்ற வாரிசுகளுக்குக் கொடுத்து, சைக்கிளை நாமே வைத்துக்கொண்டோம். சகோதரிக்குக் கிடைத்தது அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆயினும் அது ஹலாலான பங்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் இத்தகைய சைக்கிள் ஒன்று நிற்கலாம். பூச்சைச் சுரண்டுமுன் முன் குழாயைப் பாருங்கள். சட்ட எண்ணை எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள முதியோரிடம் இன்றே கேளுங்கள். சான்று கிடைத்த அளவுக்குச் சொல்லி, கிடைக்காத இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.