ஒரு கம்பளத்துக்குள் இன்னொரு கம்பளம்

இன்னைக்கு ஒரே ஒரு கம்பளத்தைப் பத்திதான் பேசப்போறோம். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் தரையில் விரிச்சு, சுத்தி கண்ணாடி போட்டு வெச்சிருக்காங்க. சாயம் மங்கிடக்கூடாதுன்னு அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம் மட்டும் விளக்குப் போடுவாங்க. பேரு அர்தபில் கம்பளம்.

அர்தபில், வடமேற்கு ஈரானில் இருக்கிற ஊர். சஃபவி மன்னர்களின் மூதாதையான சூஃபி ஞானி ஷேக் சஃபியின் தர்கா அங்கேதான் இருக்கு. கம்பளமும் அங்கிருந்து வந்ததுதான். சஃபவி காலத்து வேட்டைக் கம்பளங்களில் குதிரை வீரன், சிங்கம்னு அமர்க்களப்படும். இதில் மனுஷ உருவமோ மிருகமோ கிடையாது. வழிபாட்டு இடத்துக்கான கம்பளம் ஆச்சே! நடுவில் மஞ்சள் பதக்கம், அதிலிருந்து தொங்குற ரெண்டு விளக்கு, மத்த இடமெல்லாம் பூங்கொடி. குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கிற உணர்வு, ஆனா காலடியில்.

நீளம் 10.5 மீட்டர், அகலம் 5.3 மீட்டர். பட்டுப் பாவில் கம்பளி நூலால் ஒவ்வொண்ணா போட்ட முடிச்சுகள் சுமார் 2.5 கோடி. ஒரு முடிச்சு ஒரு பிக்சல்னு வெச்சுக்கிட்டா, மூணு ஃபோர்-கே திரை அளவு! நிறங்கள் மொத்தமே பத்து. அவுரி, மாதுளைத் தோல் மாதிரி இயற்கைச் சாயங்கள். ஓரத்தில் மக்சூத் காஷானி என்ற பேரும் ஹிஜ்ரி 946-ம் நெய்திருக்கு, அதாவது 1539–40. அவர் வேலையை நடத்தின பொறுப்பாளரா இருக்கலாம். உட்கார்ந்து முடிச்சுப் போட்டவங்க பேர் எங்கேயும் இல்லை.

இப்போ விஷயத்துக்கு வருவோம். 1893-ல் மியூசியம் இதை 2,000 பவுண்டுக்கு வாங்குச்சு. பார்த்துட்டு வாங்கச் சொன்னவர் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ். ஆனா அர்தபிலில் இருந்து வந்தது ஒண்ணு இல்லை, ஜோடி. ரெண்டுமே சேதமாகியிருந்தது. வியாபாரத்தில் முழுக் கம்பளத்துக்குத்தானே விலை? ஒண்ணை வெட்டி இன்னொண்ணுக்கு ஒட்டுப்போட்டாங்க. மோரிஸ் வியந்த அந்த முழுமை, இரட்டைப் பிறவியை அறுத்துச் செஞ்சது. இதைப் பழுதுபார்ப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

மிச்சம் இருந்த கம்பளம் கைமாறி, எண்ணெய்க் கோடீஸ்வரர் ஜே. பால் கெட்டியிடம் வந்து, 1953-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மியூசியத்துக்குப் போச்சு. சுமார் 7 மீட்டர்தான் மிச்சம். கரை இல்லை. ஆனா மக்சூத் காஷானி பேரும் அதே வருஷமும் அதிலும் அப்படியே இருக்கு.